சீமைக்கருவேலம்: கண்மாய் சரி, தரிசிலும் பிடுங்கத்தான் வேண்டுமா?

கமுதிக்காரன்

எங்கள் ஊரில் கண்மாயையும் அதை ஒட்டிய தரிசையும் சேர்த்து, சீமைக்கருவேலம் ஒன்று விடாமல் தூரோடு எடுக்கப் போவதாகப் பேச்சு. கண்மாய்க்குள் எடுப்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தரிசை ஏன் தொடவேண்டும்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்த்து, நெல்லும் மிளகாயும் கருகின வருடங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது கரிமூட்டத்தால்தான். கட்டையை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண் குழைத்துப் பூசி, அடியில் தீ வைப்பார்கள். முதலில் புகை வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும். அது கட்டையில் இருக்கிற ஈரம். அப்புறம் மெலிந்து நீலமாகும். அந்த நேரத்தில் எங்காவது பூச்சு வெடித்துக் காற்று உள்ளே போய்விட்டால் அத்தனையும் சாம்பல். அம்மா ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து, கையில் ஈரமண் உருண்டையோடு மூட்டத்தைச் சுற்றி வருவார். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி தேறும். நான் படித்தது அந்தக் காசில்.

தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், உப்புத் தரையிலும் மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வருகிற மரம் வேறு எது இருக்கிறது?

மடைப்பாசனம்

அண்ணே, உங்கள் அம்மா பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தரிசில் விட்டால் அது தரிசிலேயே இருக்குமா?

சித்திரை வைகாசியில் நெற்று பழுத்து மஞ்சளாக உதிரும். ஆடு மாடு ஆசையாகத் தின்னும். சதை செரிக்கும், விதை செரிக்காது. போன ஐப்பசியில் முதல் மழை பெய்து நாலாம் நாள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற எங்கள் வரத்துக்காலில் இறங்கிப் பார்த்தேன். ஆடு படுத்த இடத்தில் புழுக்கைக் குவியலைப் பிளந்துகொண்டு பதினோரு நாற்று நின்றது, எண்ணினேன். அதைக் கையால் பிடுங்கலாம். அடுத்த வருடம் மண்வெட்டி வேண்டும், அதற்கடுத்த வருடம் ஜேசிபி வேண்டும். வரத்துக்கால் அடைத்துப்போனால் மழை பெய்தும் கண்மாய் நிறையாது. கடைமடைக்காரன் நான், எனக்குத்தான் முதலில் தெரியும்.

குஜராத்தில் பன்னி என்று பெரிய புல்வெளி. உப்புப் பாலை பரவாமல் தடுக்க 1961 வாக்கில் அரசே இந்த மரத்தை முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் வைத்தது. இன்றைக்கு மாடு மேய்ப்பவர்களுக்குப் புல் கிடைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயருக்குப் பைத்தியக் கருவேல் என்று அர்த்தம்.

கமுதிக்காரன்

அதே பன்னியிலும் கரி சுட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன தம்பி. அப்புறம் ஒன்று. இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை இங்கே யாரும் கொண்டுவரவேண்டாம். மரம் வேரால் குடிக்கிறது, இலையால் ஆவியாக வெளியே விடுகிறது. காமராசர் காலத்தில்தான் வந்தது என்பதும் தப்பு. 1877-லேயே ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் விதைத்திருக்கிறார்கள். விறகுக்காகவே கொண்டுவந்த மரம் இது.

மடைப்பாசனம்

காற்று ஈரத்தை நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேரை. அமெரிக்காவின் அரிசோனாவில் இதே இனத்து மரம் ஒன்றின் வேர் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. எங்கள் கிணறு பதினைந்து மீட்டர்.

ஆட்டுக்கிடை

நான் ஆடு வளர்க்கிறவள், அறுபது உருப்படி இருக்கிறது. நீங்கள் இரண்டு பேருமே ஆட்டைப் பற்றிப் பாதிதான் பேசுகிறீர்கள்.

பச்சை இலையை ஆடு தொடாது, கசப்பு. நெற்றுதான் தீவனம். கோடையில் புல் முளைக்காத இரண்டு மாதம் அதுதான் உயிர் காக்கிறது, நல்ல இனிப்பு, புரதமும் உண்டு. ஆனால் மரத்தடியில் விட்டு வயிறு முட்டத் தின்னவிடுவது தப்பு. நெற்றையே மாதக்கணக்கில் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாமல் போனதைப் பிரேசிலில் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் பாரிங்கோ பகுதி மக்கள் 2006-ல் இந்த மரத்துக்காக அரசு மேல் வழக்குப் போட்டபோது, பல் விழுந்த ஆட்டையே நீதிமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நெற்றைப் பொறுக்கி, கையில் ஒடித்தால் படக்கென்று முறிகிற வரைக்கும் வெயிலில் காயவைத்து, விதையோடு அரைக்கவேண்டும். ஒரு பங்கு நெற்றுத்தூளுக்கு நாலு பங்கு மற்ற தீவனம். விதை உடைந்துவிட்டால் புழுக்கையில் என்ன முளைக்கும்? மடைத்தம்பியின் பதினோரு நாற்றுக்கும் அங்கேயே முடிவு.

மடைப்பாசனம்

அக்கா, இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

தரிசில் வன்னி வைக்கலாமே. அதுவும் இதே குடும்பத்து மரம், நம் மண்ணுக்கு உரியது. இலையையும் ஆடு தின்னும், காயையும் தின்னும். இராஜஸ்தானில் அதன் காயை மனிதர்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

கமுதிக்காரன்

வன்னி நல்ல மரம்தான். ஆனால் வளர்ந்து விறகுக்கு வர எத்தனை வருடம்? அதுவரைக்கும் மூட்டக்காரன் என்ன செய்வான்? தரிசில் பாதிக்கு வன்னி வையுங்கள், நானே குழி வெட்ட வருகிறேன். மீதியை எங்களுக்கு விடுங்கள்.

பிடுங்குகிறோம் என்று சொன்னவர்கள் பிடுங்கிய அழகையும் பார்த்தேன். 2017-ல் இந்த மரத்தை எடுக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டதும் ஊர் ஊராக ஜேசிபி வந்தது. எங்கள் பக்கம் மேலே மட்டும் ஒடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு தூரில் ஆறேழு கிளையாகத் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாக நின்றது. தண்டும் வேரும் சேருகிற கழுத்துக்குக் கீழே தோண்டித் தூரை எடுத்தால்தான் அது சாகும். கரிக்கு அந்தத் தூர்க்கட்டைதான் நல்ல விலை, மூட்டக்காரன் ஒரு வேர் விடாமல் எடுப்பான். கண்மாயை எங்களிடம் கொடுங்கள். ஏலத்தில் வெளியூர் ஆளுக்குக் கொடுத்தால் அவன் மேல்மரத்தை ஏற்றிக்கொண்டு தூரை விட்டுவிட்டுத்தான் போவான்.

மடைப்பாசனம்

தூரைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும் என்று ஏலத்திலேயே எழுதவேண்டும். அதில் உங்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தரிசைப் பாதி பாதியாகப் பிரிப்பதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை அண்ணே. வரத்துக்காலிலிருந்து இரு கரையிலும் நூறு அடிக்கு ஒரு முள் நிற்கக்கூடாது. அதற்கு அப்பால் என்றால் பேசலாம்.

ஆட்டுக்கிடை

காய்ந்த நெற்று நாலு மூட்டை வைத்திருக்கிறேன். மிளகாய் அரைக்கிற மில்லில், பசைபோல ஒட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதுகுளத்தூர் பக்கம் யாரிடமாவது சோளம் உடைக்கிற மிஷின் இருக்கிறதா?

மடைப்பாசனம்

எங்கள் வீட்டில் இருக்கிறது அக்கா. காலை வெயிலில் இன்னும் ஒருநாள் காயவைத்து, மத்தியானம் சூட்டோடு கொண்டுவாருங்கள், ஒட்டாது. கூலி வேண்டாம். வரத்துக்காலில் மட்டும் இந்த வருடம் கிடை போடாதீர்கள்.