உரம் யாரிடம் வாங்குவது? சப்ளையரை எப்படி முடிவு பண்றீங்க?

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் சில சிறு செம்பனைத் தோட்டங்களுக்கு நான்தான் உரம் வாங்கித் தருகிறேன். ஒரு சப்ளையர் மூட்டைக்கு ஏழு வெள்ளி (ரிங்கிட்) குறைத்துச் சொல்கிறார், ஆனால் முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம். இன்னொருவர் விலை கூட, 60 நாள் கடன் தருகிறார். யாரை எடுக்கலாம்?

பதில் 1:
மூட்டை விலையை மட்டும் பார்க்காதீங்க அண்ணே, உள்ளே இருக்கும் சத்துக்குக் கணக்குப் போடுங்க. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் 21தான். அதாவது 50 கிலோ மூட்டையில் ஒன்றில் 23 கிலோ, மற்றதில் பத்தரை கிலோ. கலவை உரம் என்றால் முதல் லோரியிலேயே ஒரு மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிடுங்க, அதற்கு ஒத்துக்கொள்ளாத சப்ளையர் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
முழுப் பணமும் முன்னால் என்றால் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் எஸ்எஸ்எம்மில் (மலேசியாவின் கம்பெனிப் பதிவு ஆணையம்) கம்பெனி பதிவைப் பாருங்கள். அப்புறம் சரக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஒருவர் மழையில் தார்ப்பாய் போடாமல் அனுப்பி, மூட்டையின் தையல் பிரிந்து உரம் கல்லாகக் கட்டிப் போயிருந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்.

பதில் 3:
ஒரே ஆளை நம்பி இருக்காதீர்கள் தம்பி. பொட்டாஷ் (பொட்டாசியம் சத்துள்ள உரம்) முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, டாலர் ஏறினால் விலையும் ஏறும். பெரிய ஆர்டரைக் கடன் தருபவரிடமே கொடுங்கள், மற்றவரிடம் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.