மடங்குகிற பிளாஸ்டிக் கம்பம் எதைத் தடுக்கும்? (நியூயார்க் சைக்கிள் தடங்கள்)

சக்கரம்:
"சைக்கிள் தடத்தைக் கார்களிடமிருந்து பிரிக்கப் பிளாஸ்டிக் கம்பமே போதும், கான்கிரீட் வீண் செலவு" என்று ஜெர்சி ராகவன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டயர் ஏறினால் படுத்து, போனதும் எழுந்து நிற்கிற ஒன்று யாரைக் காப்பாற்றும்? 2017 அக்டோபர் 31 மறந்துவிட்டதா? மன்ஹாட்டனில் ஹட்சன் ஆற்றங்கரை சைக்கிள் பாதைக்குள் வாடகை டிரக்கை விட்டு எட்டுப் பேரைக் கொன்றான் ஒருவன்.

ஜெர்சி ராகவன்:
மறக்கவில்லை. அவன் எந்தப் பிளாஸ்டிக் கம்பத்தையும் வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போகவில்லை. ஹூஸ்டன் தெருப் பக்கம் பாதையின் வாய் திறந்து கிடந்தது, நுழைந்தான். அது பயங்கரவாதம். அவென்யூக்களில் கான்கிரீட் போட அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சக்கரம்:
வாய் திறந்து கிடந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, பயங்கரவாதத்தை விடுங்கள். 2006 டிசம்பரில் அதே பாதையில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்தவர் ஒரு இளைஞனைக் கொன்றாரே, அது என்ன? அதற்கப்புறமும் 11 வருஷம் அந்த வாய் திறந்தே இருந்தது. எட்டு உயிர் போன பிறகுதான் கான்கிரீட் கட்டைகளை இறக்கினார்கள்.

ஜெர்சி ராகவன்:
மறுபடியும் பாதையின் வாய். நான் பேசுவது தெருவோரத் தடம். ஒன்பதாவது அவென்யூவில் 2007 முதல் தடத்துக்கும் போக்குவரத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்த கார்களே சுவராக நிற்கின்றன.

சக்கரம்:
கார் நிற்காத இடத்தில்? அங்கே டெலிவரி வேன்காரர் கம்பத்தைச் சாய்த்துவிட்டுத் தடத்துக்குள்ளேயே நிறுத்துகிறார். சைக்கிள்காரர் வெளியே போக்குவரத்துக்குள் போய்ச் சாக வேண்டுமா?

அஸ்டோரியா மீனா:
கான்கிரீட்டை வரிசையாக வைத்தால் தீயணைப்பு வண்டி எப்படி வரும்? பனியை யார் அள்ளுவது?

சக்கரம்:
இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள் அம்மா. தடத்துக்கென்று சின்னப் பனிவண்டிகளும் உண்டு. புரூக்ளின் பாலத்தில் 2021-இல் ஒரு கார் தடத்தையே எடுத்து, கான்கிரீட் தடுப்பு வைத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். நகரம் நின்றுபோயிற்றா?

அஸ்டோரியா மீனா:
பாலத்தின் மேல் வீடு இருக்கிறதா, தீப்பிடிக்க? என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம்.

கிழக்காறு:
கம்பத்தை விடுங்கள். தடத்தில் எதிர்த்திசையில் பறக்கிற மின்சைக்கிள்களை முதலில் நிறுத்துங்கள். நடக்கவே பயமாக இருக்கிறது.

அஸ்டோரியா மீனா:
அந்த மின்சைக்கிள்காரர்கள் கொண்டுவரும் சாப்பாட்டை மட்டும் சூடாகக் கேட்பீர்கள். நேரத்துக்கு வராவிட்டால் டிப்ஸைக் குறைப்பதும் நீங்கள்தான்.

கிழக்காறு:
நான் டிப்ஸ் குறைத்ததை எப்போது பார்த்தீர்கள்? மரியாதையாகப் பேசுங்கள்.

ஜெர்சி ராகவன்:
சக்கரத்துக்கு இதுவே வேலை. போன மாதம் பஸ் தடம் பற்றிப் பேசியபோதும் ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை எழுதி எல்லாரையும் ஓட வைத்தார்.

சக்கரம்:
பஸ் தடத்தில் நான் சொன்னதற்கு உங்களிடம் இன்றுவரை பதில் இல்லை, அந்தக் கோபம்தான் இது. பிளாஸ்டிக் கம்பம் நிற்கிற தடங்களில் பாதியை, 20 மைலை, உறுதியான தடுப்பாக மாற்றப் போவதாக 2022-இல் நகர நிர்வாகமே அறிவித்தது. போதுமென்றால் ஏன் மாற்ற வேண்டும்? காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் கம்பம் பலமாகத்தான் தெரியும். சைக்கிளில் உட்கார்ந்து பாருங்கள்.

ஜெர்சி ராகவன்:
நீங்கள் பிறக்கும் முன்பே இந்த ஊரில் சைக்கிள் ஓட்டியவன் நான். ஹூஸ்டன் தெருவில் பிளாஸ்டிக் கம்பம் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சக்கரம்:
இருந்திருந்தால் மட்டும் டிரக் நின்றிருக்குமா? அதை நீங்கள் சொல்லுங்கள்.