டர்ன்டேபிளில் சத்தம் மிகக் குறைவு, பாஸ் இல்லை, கூடவே ஓர் இரைச்சல்: உதவி தேவை

பரண்_இசை:
வணக்கம். தாத்தாவின் எல்பி தட்டுகளைக் கேட்க ஒரு செகண்ட் ஹேண்ட் டர்ன்டேபிள் வாங்கினேன். வீட்டிலிருக்கும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் (மொபைல் போன்றவற்றை இணைக்கும் பொதுத் துளை) சொருகியிருக்கிறேன். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது. மிருதங்கம் இருக்கிற இடமே தெரியவில்லை, வயலின் மட்டும் கீச்சென்று வருகிறது. பாட்டு நின்றால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். அதே ஆக்ஸில் மொபைலைக் கொடுத்தால் அருமையாகப் பாடுகிறது. விற்றவர் கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் முனைப்பகுதி) மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

தம்புரா72:
ஆம்ப் பழசு சார். புதுசாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிடுங்கள், தொல்லை விட்டது.

வால்வு மாமா:
மொபைல் நன்றாகப் பாடுகிறது என்கிறாரே, ஆம்ப் மேல் ஏன் பழி?

தம்பி, ஒரு பைசா செலவழிக்காதீங்க. சாதாரண மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 4 மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். சத்தம் எப்படி வரும்? பாஸ் காணாமல் போனதற்கும் காரணம் உண்டு. தட்டு வெட்டும்போதே பாஸைக் குறைத்து, ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டுவார்கள். இல்லையென்றால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) அளவுப்படி அதைத் திருப்பிச் சரிசெய்து, சத்தத்தையும் பெருக்குவது ஃபோனோ ஸ்டேஜ் என்ற சர்க்யூட்டின் வேலை. நீங்கள் கேட்பது அந்தச் சரிசெய்தல் இல்லாத பாட்டு.

ஆம்ப் பின்னால் ஃபோனோ என்று எழுதிய ஜோடித் துளை இருக்கிறதா பாருங்கள். அங்கே மாற்றுங்கள்.

பரண்_இசை:
இருக்கிறது மாமா, தூசியில் எழுத்தே மறைந்திருந்தது. மாற்றினேன். சத்தம் பிய்த்துக்கொண்டு வருகிறது, ஆனால் ஒரே கரகரப்பு, குரல் உடைகிறது. இரைச்சலும் கூடிவிட்டது.

கோவை_எல்பி:
டர்ன்டேபிளின் பின்பக்கம் ஃபோனோ/லைன் என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். உங்களுடையது லைனில் நிற்கிறது, அதாவது டர்ன்டேபிளே ஒருமுறை பெருக்கி அனுப்புவதை ஆம்ப் மறுபடி பெருக்குகிறது என்று நினைக்கிறேன்.

பரண்_இசை:
இல்லை அண்ணா, அப்படி எதுவும் இல்லை. ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ ஆடியோ ஒயரோடு ஒட்டி ஒரு மெல்லிய பச்சை ஒயர் மட்டும் தொங்குகிறது. முனையில் கவட்டை மாதிரி ஒரு தகடு.

வால்வு மாமா:
அதுதான் கிரவுண்டு ஒயர், இரைச்சலுக்கு மருந்து! ஆம்பை அணைத்துவிட்டு, ஃபோனோ பக்கத்தில் இருக்கும் ஜிஎன்டி (கிரவுண்டு) திருகுக்கு அடியில் கவட்டையை வைத்து முடுக்குங்கள். திருகு இல்லாவிட்டால் ஆம்பின் உலோகப் பெட்டித் திருகு ஒன்று போதும். சுவர் பிளக்கின் எர்த்தில் கொடுக்கவே கூடாது.

கரகரப்புக்கு ஊசி முனையைப் பாருங்கள். பஞ்சு போல அழுக்கு சேர்ந்திருந்தால் மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுங்கள். பிறகு ஊசி தட்டை அழுத்தும் எடை. ஆன்டிஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) அந்தரத்தில் மட்டமாக நிற்கும்வரை பின் குண்டைத் திருகுங்கள். குண்டை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன எடை வரை இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். பெரும்பாலும் 2 கிராம் பக்கம் இருக்கும். எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளும், குரல் இப்படித்தான் உடையும்.

பரண்_இசை:
இரைச்சல் போயே போய்விட்டது! எடை 1 கிராம்கூட இல்லை. 2-க்கு வைத்தேன், மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கிறது. நன்றி மாமா. பரணில் சில 78 ஆர்பிஎம் தட்டுகளும் கிடக்கின்றன. இதே ஊசியில் போடலாமா?

கோவை_எல்பி:
வேண்டாம். எல்பி ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசி வெறும் கரகரப்பைத்தான் தரும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மெஷினில் 78 வேகம் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். அந்தத் தட்டுகள் அரக்கு, ஆல்கஹால் கலந்த கிளீனர் பட்டால் கரையும். துடைப்பதானால் உலர்ந்த பிரஷ் மட்டும்.