புதுப்பிப்பு: புது பேட்டரி போட்டும் முள் நகரவில்லையா?

கைக்கடிகாரத்தில் 377 என்ற பட்டன் பேட்டரியை மாற்றும் முறையைப் போன வாரம் எழுதியிருந்தேன். மாற்றியும் ஓடவில்லை என்று கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு திருத்தம். 377-க்குப் பதில் எல்ஆர்626 பேட்டரியும் பொருந்தும் என்று எழுதியது தவறு. 6.8 × 2.6 மி.மீ. அளவு ஒன்றுதான். ஆனால் அது 1.5 வோல்ட் ஆல்கலைன். வோல்டேஜ் மெல்ல இறங்கும், கசியவும் செய்யும். 1.55 வோல்ட் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ (377-இன் இன்னொரு பெயர்) மட்டும் போடுங்கள்.

ஓடாவிட்டால், நேரம் வைக்கத் திருகும் பக்கவாட்டுச் சாவி முழுக்க உள்ளே இருக்கிறதா பாருங்கள். அடுத்து மல்டிமீட்டரில் பேட்டரியை அளங்கள். மெட்டல் ட்வீசரால் இரு பக்கமும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் ட்வீசர் நல்லது. பிறகு பேட்டரியைத் தொடும் காண்டாக்ட் தகடு: வெள்ளையாகப் பூத்திருந்தால் பல்குச்சி நுனியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம்.

பேட்டரிக்குப் பக்கத்தில் செம்பு நிறத்தில் பளபளப்பது காயில், அதாவது கம்பிச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ஸ்க்ரூடிரைவர் நுனி ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும். அறுந்தால் பெரும்பாலும் கடிகாரத்தின் உள் மெஷினையே மாற்ற வேண்டியதுதான்.

கிரானைட் பட்டறைகளில் வேலை செய்பவர்கள், மூடியைத் திறக்கும் முன்பே விளிம்புத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மூடியின் ரப்பர் வாஷருக்குச் சிலிகான் கிரீஸ் துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.