மைக்ரோஸ்கோப் ஸ்டாண்ட் ஆடுது, வீட்டிலேயே செய்யணும்

மஞ்சக்குப்பம் சர்வீஸ்: மலிவு விலை யுஎஸ்பி மைக்ரோஸ்கோப். கூட வந்த பிளாஸ்டிக் ஸ்டாண்ட் தொட்டாலே ஆடுது, ஃபோகஸ் நிக்கல. நல்ல ஸ்டாண்ட் எப்படி செய்றது? அவசரம்.

வில்லியனூர் லேத்: மைக்ரோஸ்கோப் உடம்போட விட்டம் என்ன? எதைப் பாக்கணும், பூச்சியா சர்க்யூட் போர்டா? அடியில சால்டரிங் அயர்ன் போகணுமா? இது தெரியாம அளவு சொல்ல முடியாது.

தேவனாம்பட்டினம்: ஆட்டுறது கேபிள்தாங்க. விறைப்பா இருக்கும், கை பட்டா மைக்ரோஸ்கோப் தலையையே இழுக்கும். கொஞ்சம் தொய்வு விட்டுத் தூணோட கட்டிப் பாருங்க.

பழைய ஆள்: தேடிப் படிச்சிட்டுக் கேக்குற பழக்கமே யாருக்கும் இல்ல. டப்பாவுல 1000 எக்ஸ், அதாவது 1000 மடங்கு பெருசாக் காட்டும்னு போட்டிருந்துச்சா தம்பி? அதை நம்பி வாங்கினா இப்படித்தான்.

லாஸ்பேட்டை: எத்தனை எக்ஸ்ங்கிறது திரையைப் பொறுத்தது சார். லென்ஸுக்கு அடியில ஸ்கேல் வைங்க. 3 மிமீ, 300 மிமீ அகலத் திரையை நிறைச்சா 100 எக்ஸ். பெரிய டிவியில போட்டா எண் ஏறும், புதுசா ஒரு விவரமும் தெரியாது.

பழைய ஆள்: அதைத்தானே நானும் சொல்றேன். எண்ணைப் பாத்து வாங்காதீங்க.

லாஸ்பேட்டை: நீங்க அவரைத் திட்டுனீங்க, விளக்கம் சொல்லல.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்: 33 மிமீ. மொபைல் போர்டு. அயர்ன் போகணும்.

வில்லியனூர் லேத்: அடிக்கு 20 மிமீ கடப்பாக் கல், 12க்கு 10 இன்ச், கல் கடையில வெட்டுத் துண்டா கேளுங்க. ஓட்டை போடும்போது டிரில்லோட ஹேமர் (இடிக்கிற) மோடை அணைச்சிட்டு, தண்ணி தொட்டுத் தொட்டுப் போடுங்க; இல்லன்னா ஓரம் பிளக்கும். தூண் 18 மிமீ பிளைவுட், ரெண்டு எல் ஆங்கிள்ல கல்லோட போல்ட்டு. தூண்ல 10 இன்ச் டிராயர் சேனல் (மேசை டிராயர் சறுக்குற பட்டை) ரெண்டு, 4 இன்ச் இடைவெளியில; அது மேல நகர்ற பலகை. இணையா இல்லன்னா சிக்கும்.  தூண் உச்சியில ஒரு ஆங்கிள்ல எம்8 திரெட் ராடு (8 மிமீ மரை போட்ட கம்பி), ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு இரட்டை நட்டு. நகர்ற பலகையில ஒரு நட்டைப் பதிச்சு எபாக்ஸி பசை. ஒரு சுத்துக்கு 1.25 மிமீ இறங்கும். பலகையில இருந்து மைக்ரோஸ்கோப்பைத் தாங்குற கையோட நீளம் 6 இன்ச்சைத் தாண்டவே கூடாது, நீள நீள ஆட்டம் கூடும். மைக்ரோஸ்கோப்பைப் பைப் கிளாம்ப்ல சைக்கிள் டியூப் சுத்திப் பிடிங்க. அயர்ன் போக லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவுல 8 செமீயாவது வேணும். அவ்வளவு தூக்கினா பெரிதாக்கம் குறையும், போர்டுக்கு அது போதும். சால்டர் பண்றப்ப வர்ற ஃபிளக்ஸ் புகை லென்ஸ்ல படியும், முன்னாடி ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டிடுங்க.

தேவனாம்பட்டினம்: ராடு எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க. நம்ம கடல் காத்துக்கு இரும்பு ராடு துருப்பிடிச்சு நட்டு இறுகிடும்.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்: கேபிள் கட்டினதுலயே பாதி ஆட்டம் போச்சு, நன்றி. எஸ்எஸ்ல எம்6தான் கிடைச்சுது, போடலாமா?

வில்லியனூர் லேத்: தாராளமா. சுத்துக்கு 1 மிமீதான், ஃபோகஸ் இன்னும் நிதானமா பிடிக்கலாம். திருகுற குமிழ் மட்டும் 50 மிமீக்குக் குறையாம வைங்க.