‘ஃப்ரீ பேர்ட்’ முடிவில் மூன்று கிட்டாரா? இந்தக் கதை எப்போது ஓயும்?

ஆறாம்நரம்பு:
லெனர்ட் ஸ்கினர்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி ஊசிமுனை நேற்று வேறோர் இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1973 ஆகஸ்டில் வெளிவந்த அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘ஃப்ரீ பேர்ட்’டில் மூன்று கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முழங்குகின்றன என்றும், அமெரிக்கத் தென்மாநிலங்களின் தெற்கத்திய ராக் என்பதே அந்த முழக்கத்தில்தான் பிறந்தது என்றும் அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லை ஐயா, மூன்று இல்லை. பாட்டு முடிந்தபின் நான்கு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தத் தனி வாசிப்பு முழுவதும் ஆலன் காலின்ஸ் ஒருவருடையது. அவரே அதை இன்னொரு முறையும் வாசித்து, முதலில் வாசித்ததன் மேல் ஏற்றினார்கள். கேரி ராசிங்டன் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். முற்பகுதியில் நெஞ்சைப் பிசையும் ஸ்லைடு, அதாவது நரம்பின் மேல் குழலை வழுக்கவிட்டு வாசிப்பது, அவருடையது. ஆக வாசித்தவர்கள் இரண்டே பேர்.

ஊசிமுனை:
ஒருவருடைய தூக்கத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறும் எண்ணமும் இல்லை. என்னிடம் அந்த இசைத்தட்டு இருக்கிறது. கைப்பேசியில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவன் அல்லன் நான். அட்டையில் ஜார்ஜியா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ ஊர்த் தெருவில் ஏழு பேர் நிற்கிறார்கள். பாடகர் ரானி வான் ஸான்ட், பியானோ வாசிக்கும் பில்லி பவல், டிரம்ஸ் வாசிக்கும் பாப் பர்ன்ஸ், அடித்தள ஒலி தரும் பேஸ் வாசிக்கும் லியான் வில்கெசன் ஆகிய நால்வரைக் கழித்துவிட்டால் மீதி எத்தனை பேர்? இதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. லின்யார்ட் ஸ்கைன்யார்ட் தொடக்கத்திலிருந்தே மூன்று கிட்டார்க் குழுதான்.

கீழ்ச்சுருதி:
அட்டையை வைத்து ஆள் கணக்குப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். லியான் வில்கெசன் படத்தில் நிற்கிறார் என்பது உண்மை. ஒலிப்பதிவுக்குச் சற்று முன்பு அவர் குழுவை விட்டுப் போய்விட்டார் என்பதும் உண்மை. அவருடைய இடத்தை நிரப்பத்தான் எட் கிங்கை அழைத்தார்கள், அவரும் வந்து பெரும்பாலான பாடல்களுக்குப் பேஸ் வாசித்தார். பிறகு வில்கெசன் திரும்பி வந்ததும் எட் கிங் கிட்டாருக்கு மாறினார். மூன்று கிட்டார் என்ற வழக்கம் அதன்பின் வந்தது. பேஸ் வாசிக்கிறவனை எவரும் கவனிப்பதில்லை என்று இருபது ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே அதைவிட மோசம், வாசித்தவரைக் கிட்டார்க்காரராக்கி வாசிக்காதவரைப் பேஸ் வாசிக்க வைத்துவிட்டார்கள்.

ஆறாம்நரம்பு:
கீழ்ச்சுருதி சொன்னதை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு பேர். ‘மிசிசிப்பி கிட்’ பாடலில் எட் கிங் கிட்டார் வாசித்திருக்கிறார் என்பதைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடி வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அது வேறு பாடல். நாம் பேசுவது ‘ஃப்ரீ பேர்ட்’.

ஊசிமுனை:
நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன், நீங்கள் வரலாற்றுப் பாடம் நடத்துகிறீர்கள். நேற்று இரவும் தட்டைப் போட்டுக் கேட்டேன். மேலே ஒன்றோடொன்று ஒட்டியும் சற்றே விலகியும் ஓடுகிற இரண்டு, கீழே விடாமல் தாளம் போடுகிற ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று. என் காது பொய் சொல்கிறதா?

புதுக்கரை:
அண்ணா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆறாம்நரம்பு அண்ணா வாசித்த ஆட்களை எண்ணுகிறார், ஊசிமுனை அண்ணா பதிவாகியிருக்கும் தடங்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

ஆறாம்நரம்பு:
தம்பி, இதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை. இரண்டு.

ஊசிமுனை:
மூன்று.

மாலைவெயில்:
கிட்டாரை அப்புறம் எண்ணிக்கொள்ளுங்கள், முதலில் குழுவின் பெயரை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்தக் குழுவுக்கும் இல்லாத பாக்கியம் இந்தக் குழுவின் ரசிகர்களுக்கு உண்டு: முதல் ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதுதான். லெ-நெர்ட் ஸ்கின்-நெர்ட் என்று அசை பிரித்து, குறியீடு போட்டு அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்த அட்டையைக் கையில் வைத்திருப்பதாகப் பெருமை பேசுகிறவர் ‘லின்யார்ட் ஸ்கைன்யார்ட்’ என்கிறார். ஜாக்சன்வில் பள்ளியில் நீளமுடி வளர்த்த பையன்களை விரட்டிக்கொண்டிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரைக் கேலி செய்ய வைத்த பெயர் அது. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் கேலி அவர்மேல் இல்லை, நம்மேல்தான்.

ஆறாம்நரம்பு:
அக்கா, அருமை. அட்டையின் மேலிருக்கும் பெயரையே படிக்காதவர் பின்னட்டையிலிருக்கும் கலைஞர் பட்டியலை எங்கே படித்திருக்கப் போகிறார்?

மாலைவெயில்:
நீங்களும் ஒரு ‘ன்’ குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஊசிமுனை:
பட்டியலா? நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். அதே ‘ஃப்ரீ பேர்ட்’டில் ஆர்கன் வாசித்தவர் ரூஸ்வெல்ட் கூக் என்று போட்டிருக்கிறது. அப்படி ஓர் ஆள் உலகத்தில் உண்டா? தயாரிப்பாளர் அல் கூப்பர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. ஆர்கன் வாசித்தவர் பெயரையே மாற்றி அச்சிட்ட பட்டியலை வேதவாக்காகக் கொண்டு, கிட்டார் இரண்டுதான் என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். அச்சடித்ததை நம்புவதா, ஊசி உரசும்போது வருகிற ஒலியை நம்புவதா?

ஆறாம்நரம்பு:
புனைபெயர் வைத்தாலும் வாசித்தவர் ஒருவர்தானே? கூப்பர் கூக் ஆனதால் ஆர்கன் இரண்டாகிவிடவில்லை. காலின்ஸ் இரண்டு முறை வாசித்ததால் காலின்ஸ் இருவராகிவிடவில்லை. பட்டியலை விட்டுத் தள்ளுங்கள், அந்த வாசிப்பு முழுக்கக் காலின்ஸுடையது என்று பக்கத்தில் இருந்து வாசித்த ராசிங்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உங்கள் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அட்லாண்டாவின் ஃபாக்ஸ் அரங்கில் பதிவாகி 1976இல் வந்த மேடைப் பதிவை எங்கோ கேட்டிருக்கிறீர்கள். அதில் உண்மையாகவே மூவர் உண்டு. எட் கிங் விலகியபின் வந்து சேர்ந்த ஸ்டீவ் கெய்ன்ஸ் மூன்றாமவர். அதைத் தூக்கி 1973இல் வைத்துவிட்டீர்கள். சென்ற ஆண்டு டீப் பர்ப்பிள் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். பெரும்பகுதி ஒசாகாவில் பதிவான ஜப்பான் கச்சேரியை முழுக்கத் தோக்கியோவில் நடத்தி முடித்துவிட்டு, கடைசிவரை ஒப்புக்கொள்ளவேயில்லை.

ஊசிமுனை:
அந்த இழையை இங்கே இழுக்காதீர்கள். அங்கே என்னை மட்டுறுத்துநரிடம் புகார் செய்தவர் யார் என்று நானும் மறக்கவில்லை.

கீழ்ச்சுருதி:
தெற்கத்திய ராக் இந்த ஆல்பத்தில்தான் பிறந்தது என்ற கூற்றை எல்லோரும் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறீர்கள். ஆல்மன் சகோதரர்கள் குழுவின் முதல் ஆல்பம் 1969ஆம் ஆண்டே வந்துவிட்டது. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் என்று இரண்டு முன்னணிக் கிட்டார்கள். டுவேன் இறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஸ்கினர்ட் ஆல்பமே வருகிறது. மேடையில் ‘ஃப்ரீ பேர்ட்’டை அவருக்குக் காணிக்கையாக்கி வாசித்த குழுவைக் கொண்டுவந்து அவருக்கு முன்னோராக்குவது என்ன நியாயம்?

ஊசிமுனை:
பாருங்கள், அங்கேயும் இரண்டு கிட்டார்தான். அதனால்தான் சொன்னேன், மூன்றாவது கிட்டார் வந்த இடத்தில்தான் இந்த இசைக்குத் தனி முகம் கிடைத்தது.

ஆறாம்நரம்பு:
இல்லாத மூன்றாவது கிட்டாருக்கு முகம் வேறு வரைகிறார். ஆல்பத்தில் ரசிப்பதற்கு வேறு எதுவுமே இல்லாததுபோல் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘சிம்பிள் மேன்’ பாடலின் தொடக்கத்தில் ஒவ்வொரு நரம்பாக மீட்டும் இடத்தைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியிருக்கிறாரா? குழுவின் சாமான்களைச் சுமந்துகொண்டிருந்த பில்லி பவல், ‘ஃப்ரீ பேர்ட்’டுக்குத் தாமே அமைத்த பியானோ முன்னிசையை வாசித்துக்காட்டியதால் குழுவில் சேர்க்கப்பட்டார் என்பதாவது தெரியுமா? அது தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும், அதுவும் தப்பாக.

புதுக்கரை:
‘டியூஸ்டேஸ் கான்’ பாடலில் டிரம்ஸ் வாசித்தது பாப் பர்ன்ஸ் இல்லை, அட்லாண்டா ரிதம் செக்‌ஷன் குழுவின் ராபர்ட் நிக்ஸ் என்கிறார்களே, அண்ணா, அது சரிதானா?

கீழ்ச்சுருதி:
சரிதான். ஆனால் தம்பி, டிரம்ஸையும் பேஸையும் பற்றிக் கேட்டால் இந்த இழையில் பதில் வராது.

ஊசிமுனை:
இன்று இரவு மறுபடியும் தட்டைப் போடப் போகிறேன். இந்த முறை காதொலிப்பானோடு கேட்டு, எந்த நொடியில் எந்தக் கிட்டார் நுழைகிறது என்று தாளில் குறித்து இங்கேயே ஏற்றுகிறேன். மூன்று.

ஆறாம்நரம்பு:
ஏற்றுங்கள், காத்திருக்கிறேன். தாளின் மேல் குழுவின் பெயரை எழுதும்போது அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.