அப்பாவை ஆன்ஃபீல்டுக்கு அழைத்துப் போவதா, ஓல்ட் டிராஃபோர்டுக்கா?

சேரம்பாடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா இங்கிலாந்தில் வாரிங்டனில் நர்ஸாக இருக்கிறாள், ஏப்ரலில் நானும் அப்பாவும் மூன்று வாரம் அங்கே போகிறோம். வாரிங்டன் சரியாக மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் இருப்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை. அக்காவுக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும், அவள் மகனுக்கு மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு, எனக்கு லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு. அப்பா வாயைத் திறப்பதில்லை, "உங்க இஷ்டம்" என்கிறார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1974-ல் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து அணியில் பேக் (தடுப்பாட்டம்) ஆடினார், வெறுங்காலோடுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் ஜீப் பிடித்து நாடுகாணி இறங்கி நிலம்பூர் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) பார்க்கப் போய் விடிந்து வருவாராம். 2005-ல் லிவர்பூல், மிலன் மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடுராத்திரியில் தோட்டத்து கிளப் டிவியில் பார்த்தோம், இடைவேளையில் லிவர்பூல் 3-0 என்று பின்தங்கியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் நகரவில்லை, நான் அவர் மடியில் தூங்கிவிட்டேன், ஆறு நிமிஷத்தில் மூன்று கோல் விழுந்ததும் அவர் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். பெனால்டி முடிந்து வெளியே வந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மேட்ச் டிக்கெட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கைடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் டூர் மட்டும்தான். ஆட்டம் இல்லாத வெறும் ஸ்டேடியத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் அவருக்கு ஏதாவது கிடைக்குமா? முழங்கால் வலி வேறு இருக்கிறது, படி ஏறுவது கஷ்டம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, நான் லிவர்பூலில் ஆறு வருஷமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆன்ஃபீல்டுக்குக் கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது. முதலில் தேதி. சொந்த மைதானத்தில் போட்டி இருக்கும் நாளில் வழக்கமான டூர் கிடையாது, ஏப்ரலில் டிவிக்காக ஆட்டத் தேதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் அட்டவணை உறுதியான பிறகு பதிவு செய்யுங்கள். கிளப்பின் சொந்த இணையதளத்தில் மட்டும். எங்கள் சித்தப்பா வந்தபோது வேறு ஏதோ தளத்தில் கொஞ்சம் குறைவு என்று வாங்கி, வாசலில் அந்தச் சீட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள், மழையில் நின்று அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவர்களே முழுதாகப் பார்க்கிற மாதிரி வழி இருக்கிறது, பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் படிக்குப் பதில் லிஃப்டில் கூட்டிப் போவார்கள். மெயின் ஸ்டாண்ட் உச்சியிலிருந்து பார்த்தால் ஸ்டான்லி பூங்கா, ஊர், எல்லாம் தெரியும். அப்புறம் டிரெஸ்ஸிங் ரூம், பத்திரிகையாளர் அறை, அங்கிருந்து மைதானத்துக்கு இறங்குகிற வழியில் தலைக்கு மேலே அந்தக் காலத்துப் பயிற்சியாளர் ஷேங்க்லி மாட்டி வைத்த 'இது ஆன்ஃபீல்டு' பலகை. எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். க்ளாப் பயிற்சியாளராக வந்த புதிதில், ஏதாவது ஒரு கோப்பை ஜெயிக்கும் வரை அதைத் தொடக் கூடாது என்று தன் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்.

வெறும் ஸ்டேடியமா என்று கேட்டீர்களே. உங்கள் அப்பா மாதிரி ஆடின ஆளுக்கு வெறும் ஸ்டேடியம்தான் நல்லது என்பேன். ஆட்டம் நடக்கும்போது பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. டூரில் டக்அவுட்டில், அதாவது பயிற்சியாளரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து புல்லை ஒரு கைத்தூரத்தில் பார்க்கலாம். புல்லை மிதிக்க மட்டும் விட மாட்டார்கள். அது இயற்கைப் புல்தான், ஆனால் வேர் பிடித்து நிற்கச் செயற்கை இழையை நடுநடுவே தைத்திருக்கிறார்கள், மண்ணுக்கு அடியில் சூடு ஓடுகிறது, வெயில் குறைந்த மாதங்களில் சக்கரம் வைத்த விளக்குகளைப் புல்லின் மேல் நகர்த்தி வெளிச்சம் காட்டுகிறார்கள். நம்ம ஊரில் ஜூன் மழைக்குப் பிறகு கிரவுண்டு எப்படிக் கிடக்கும்? சேற்றில் ஆடி வளர்ந்தவர் அந்தப் புல் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவை நகர்த்த முடியவில்லை.

மியூசியத்தில் 2005 கோப்பை இருக்கிறது. ஐந்தாவது முறை வென்றதால் அன்றைய விதிப்படி அசல் கோப்பையே லிவர்பூலுக்கு நிரந்தரமாகிவிட்டது. அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

வெலிங்டன் நண்பன்:
எதிர்க் கட்சிக்கும் ஒருவர் வேண்டும் அல்லவா. நான் 2023-ல் ஓல்ட் டிராஃபோர்டு போனேன், மருமகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1910-ல் கட்டியது, 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து சிதைந்து, 1949 வரை பக்கத்துக் கிளப்பின் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. பாதிக்கோட்டுக்கு நேரே இருக்கும் பழைய சுரங்கவழி மட்டும் அந்தக் காலத்து மிச்சம், அதைக் காட்டுவார்கள்.

ஆனால் எனக்கு மனதில் நின்றது மியூனிக் சுரங்கவழிதான். 1958 பிப்ரவரி 6, மான்செஸ்டர் யுனைடெட் அணி பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும்போது எண்ணெய் போட இறங்கிய மியூனிக்கில், பனிச்சேறு கிடந்த ஓடுபாதையில் மூன்றாவது முறை கிளம்பப் பார்த்து விமானம் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டு பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடினார், வயது 21. அந்த இடத்தில் கைடு பேச்சை நிறுத்திக்கொண்டு எங்களைப் படிக்க விட்டார். நாங்கள் இருபது பேர் இருந்தோம், ஒரு செருப்புச் சத்தம் கூட இல்லை.

டிராமில் போனால் 'ஓல்ட் டிராஃபோர்டு' நிறுத்தம் கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் விடும், அங்கிருந்து கொஞ்சம் நடை. 1990-ல் டெண்டுல்கர் முதல் டெஸ்ட் சதம் அடித்த மைதானம் அது, எட்டிப் பார்த்துவிட்டே போகலாம். அப்பாவின் முழங்காலை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் வரலாற்று வாத்தியார்:
தம்பி, நான் எந்த ஸ்டேடியத்துக்கும் போனதில்லை. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆனாலும் உன் அப்பாவை ஆன்ஃபீல்டுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

அங்கே ஒரு பக்க ஸ்டாண்டுக்குக் 'கோப்' என்று பெயர். அது ஸ்பியான் கோப் என்பதன் சுருக்கம், தென்னாப்பிரிக்காவில் நெட்டாலில் உள்ள ஒரு குன்று. 1900 ஜனவரியில் போயர் போரில் அந்தக் குன்றைப் பிடிக்க ஏறிய பிரிட்டிஷ் படையில் லங்காஷயர் பகுதிச் சிப்பாய்கள் ஏராளமாகச் செத்தார்கள். லிவர்பூல் பையன்களும் அதில் உண்டு. 1906-ல் ஆன்ஃபீல்டில் மண்ணைக் கொட்டி உயரமான சரிவு எழுப்பியபோது உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் அந்தக் குன்றின் பெயரைச் சூட்டினார்.

அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர், அதில் 800 பேர் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள். லங்காஷயர் படைக்குத் தலைமை தாங்கி அடிபட்ட ஜெனரல் உட்கேட்டையும் இவர்கள்தான் ஸ்ட்ரெச்சரில் சுமந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது மைலுக்கு மேல் நடந்த நாட்கள் உண்டு. நெட்டாலுக்கு 1860-ல் போன முதல் கூலிக் கப்பல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது, பிறகு போனவர்களிலும் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். இலங்கைத் தேயிலைக்கு உன் பாட்டன் முப்பாட்டன் போன அதே பஞ்ச காலம், அதே கங்காணி காலம். கரும்புக்குப் போனவர்கள் நெட்டாலில், தேயிலைக்குப் போனவர்கள் இலங்கையில். அந்த ஸ்டாண்டைப் பார்க்கிறபோது இதை உன் அப்பாவிடம் சொல்.

சேரம்பாடிக்காரன்:
சார், நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சுமந்தவர்கள் பெயர் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

குன்னூர் வரலாற்று வாத்தியார்:
படையின் தலைவர்களுக்குப் போர்ப் பதக்கம் கொடுத்தார்கள், காந்திக்கும் கிடைத்தது. தூக்கிச் சுமந்த கூலிகளுக்குப் பதக்கம் இல்லை.

கோத்தகிரி அக்கா:
சார், இத்தனை வருஷம் அந்த ஸ்டாண்டைக் கடந்து வேலைக்குப் போகிறேன், இது எனக்குத் தெரியாது. தம்பி, மைதானத்துக்கு வெளியே ஹில்ஸ்பரோ நினைவிடத்திலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஆட்டம் பார்க்கப் போய் நெரிசலில் சிக்கி இறந்த 97 லிவர்பூல் ரசிகர்களின் பெயரும் அங்கே இருக்கிறது, ஒன்று விடாமல். நீங்கள் வருவதும் ஏப்ரல்தான், பூ வைத்திருப்பார்கள். அப்புறம் காற்று. சேரம்பாடி ஸ்வெட்டர் அதற்குப் பத்தாது, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று கட்டாயம்.

சேரம்பாடிக்காரன்:
முடிவாகிவிட்டது, ஆன்ஃபீல்டு. அக்காவின் மகன் கொஞ்சம் அழுதான், அவனை நான் மட்டும் இன்னொரு நாள் ஓல்ட் டிராஃபோர்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், டிராம் நிறுத்தம் பற்றிச் சொன்ன வெலிங்டன் அண்ணனுக்கு நன்றி. எங்களுக்கு ஒரு புதன்கிழமை காலை பார்த்து வைத்திருக்கிறோம், அட்டவணை உறுதியானதும் லிஃப்ட் வேண்டும் என்று சேர்த்துப் பதிவு செய்துவிடுவோம். அப்பா காலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டு, அந்தக் கூலிகளைப் பற்றி கைடிடம் கேட்க வேண்டும், இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று எழுதித் தா என்றார். தமிழ் எழுத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.